அப்பா கொண்டு வந்த திமிங்கலப் பல்: நிஜமா, டூப்ளிகேட்டா?

முத்துநகரான் (தூத்துக்குடி), சனி இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். இங்க நாணயம், தபால்தலை ஆளுங்கதான் அதிகம்னு தெரியும். என் கேள்வி கொஞ்சம் தள்ளி நிக்கும், பொறுத்துக்கோங்க.

எங்கப்பா கப்பல்ல இன்ஜின் ரூம் ஃபிட்டரா 22 வருஷம் ஓடுனாவ. 1979ல இங்கிலாந்துல ஹல் துறைமுகத்துல கப்பல் பத்து நாள் நின்னுச்சாம். அப்ப ஒரு பழைய சாமான் கடையில ஒரு பல்லு வாங்கிட்டு வந்தாவ. ஒரு சாண் நீளம். தந்தத்தோட நுனியை மட்டும் வெட்டி எடுத்த மாதிரி வளைஞ்சு, டீ கறை பிடிச்ச வெள்ளை நிறம். அதுல கருப்புக் கோட்டுல மூணு பாய்மரம் வச்ச கப்பல், முன்னால ஒரு படகு, படகுல ஒருத்தன் ஈட்டியத் தூக்கிட்டு நிக்கான், கீழ திமிங்கலம் வாயைப் பிளந்துகிட்டுக் கெடக்கு. படத்துக்கு அடியில கப்பல் பேரு, கேப்டன் பேரு, 1841னு வருஷம், எல்லாம் பெரிய எழுத்துல பொறிச்சிருக்கு.

"அந்தக் காலத்து மாலுமி கையால செதுக்குனதுலே, தொட்டுப் பாரு"ன்னு அப்பா சொல்லுவாவ. போன வருஷம் தவறிட்டாவ. இப்ப ஒருத்தர் வீட்டுக்கு வந்தவர் பார்த்துட்டு "இது லட்சத்துல போகும்"ங்கார். தம்பி வித்துருவோம்ங்கான். அம்மா வாயத் திறக்கல.

இதுக்குப் பேரு என்ன, நிஜமா இல்லையா, யாராவது சொல்லுங்க. மூணு போட்டோ போட்டிருக்கேன்.

---

வெட்டிப்பேச்சு, சனி இரவு 9:50

அண்ணே, திமிங்கலத்துக்குப் பல்லு இருக்குன்னே இப்பதான் எனக்குத் தெரியும். 🙏

---

பழங்கலம் (சென்னை), சனி இரவு 10:35

முத்துநகரான், முதல்ல விக்கிற பேச்சை நிறுத்துங்க. நிஜப் பல்லா இருந்தா நம்ம 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல திமிங்கலம் முதல் அட்டவணையில வரும். பல்லை விலை பேசறது, ஆன்லைன்ல விளம்பரம் போடறது எல்லாம் நேரா வழக்குதான். அம்பர்கிரீஸ் (திமிங்கல வாந்தின்னு சொல்றது) வச்சிருந்து மாட்டிக்கிறவங்க செய்தியைத் தூத்துக்குடியில இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த "லட்சம்" சொன்னவருக்கு இது தெரியாதுன்னு நான் நம்பலை.

இனி பொருளுக்கு வருவோம். திமிங்கல வேட்டைக்குப் போன மாலுமிங்க அதோட பல்லுலயும் எலும்புலயும் செஞ்ச இந்தக் கைவேலைக்கு ஸ்கிரிம்ஷான்னு பேரு. எங்கிருந்து வந்த சொல்லுன்னு யாராலும் உறுதியா சொல்ல முடியலை. 1826ல 'பை சான்ஸ்'ங்கிற அமெரிக்கக் கப்பலோட நாட்குறிப்புல இதுக்குக் கிட்டத்தட்ட இதே சொல் வருது: மூடுபனி, ஒண்ணும் நடக்கலை, எல்லாரும் இந்த வேலையில உக்காந்திருக்காங்கன்னு ஒரு வரி. எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி அது. ஆபீஸ்ல வேலை இல்லாத நாளை இதைவிட நேர்மையா யாரும் பதிவு பண்ணதில்லை.

எல்லாத் திமிங்கலத்துக்கும் பல் கிடையாது. நீலத் திமிங்கலம் மாதிரி பெருசுகளுக்கு வாயில சீப்பு மாதிரி தொங்கற பலீன் தகடுதான். பல்லுக்குப் பேர்போனது ஸ்பெர்ம் திமிங்கலம். அதுக்கும் கீழ்த்தாடையில மட்டும்தான் உருப்படியான பல்லு, பக்கத்துக்கு 18ல இருந்து 26 வரைக்கும். பெரிய பல் ஒரு கிலோகூட இருக்கும்.

போட்டோ மூணும் முன்பக்கம்தான் காட்டுது. எனக்கு வேண்டியது அடிப்பக்கம், ஈறுக்குள்ள இருந்த பக்கம். அங்க கிண்ணம் மாதிரி குழி இருக்கா? இருந்தா நல்ல வெளிச்சத்துல உள்ள எடுத்துப் போடுங்க. எடையும் சொல்லுங்க. சூடான ஊசி வச்சுக் குத்திப் பார்க்கச் சொல்லி யாராவது வருவாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். நிஜமா இருந்தா ஒரு தழும்பு, பொய்யா இருந்தா வீடெல்லாம் நாத்தம்.

---

ஊசிமுனை (கோயம்புத்தூர்), சனி இரவு 11:02

நிஜமோ பொய்யோ, அந்தப் பாய்க் கயிறு ஒவ்வொண்ணையும் எப்படிங்க கீறியிருப்பாங்க? நான் எம்பிராய்டரி பண்றவ. துணியில தப்பு விட்டா பிரிச்சுக்கலாம். இதுல ஒரு கோடு வழுக்குனா முடிஞ்சு போச்சுங்களே. அதுவும் ஆடற கப்பல்ல!

---

பழங்கலம், சனி இரவு 11:40

நல்ல கேள்வி அக்கா. இதுல பாதிக்கு மேல உழைப்பு படம் போடறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும். தாடையிலிருந்து வந்த பல் மேலெல்லாம் வரி வரியா மேடு பள்ளமா இருக்கும். அதை உப்புத்தண்ணியில ஊற வச்சு, கத்தியாலயும் அரத்தாலயும் சுரண்டி, சுறாத்தோலால தேய்ப்பாங்க. சுறாத்தோல் நம்ம பக்கத்து உப்புத்தாள் மாதிரி. அப்புறம் நுரைக்கல் தூள் வச்சு மெருகு. கண்ணாடி மாதிரி வழவழப்பு வந்தாத்தான் மை வேண்டாத இடத்துல ஒட்டாது.

படத்துக்குப் பெரும்பாலும் சுயகற்பனை இல்லை. பத்திரிகைப் படத்தைப் பல்லு மேல ஒட்டி, கோடு நெடுகக் குண்டூசியால குத்திட்டு வருவாங்க. காகிதத்தை எடுத்தா வெறும் புள்ளிகள். அதைச் சேர்த்துக் கத்தி முனையாலயோ பாய் தைக்கிற ஊசியாலயோ கீறணும். நம்ம வாசல்ல போடற புள்ளிக் கோலம்தான், இடம் மட்டும் உள்ளங்கை அகலம். 1830க்கு அப்புறம் வந்த பல்லுகள்ல ஃபேஷன் பத்திரிகைப் பொம்பளைங்க கவுன் போட்டு நிக்கறதுக்கு இதுதான் காரணம். கடைசியில விளக்குக்கரியை எண்ணெயில குழைச்சு மேல தேய்ச்சுத் துடைச்சா, கீறின இடத்துல மட்டும் கருப்பு நிக்கும்.

லென்ஸ் வச்சுப் பார்த்தா நிஜமான ஒண்ணுல கோடு தடுமாறியிருக்கும், சில இடத்துல கத்தி தாண்டிப் போயிருக்கும். உங்க கேள்விக்குப் பதில் அதுதான்: வழுக்கியிருக்கு, அப்படியே விட்டிருக்காங்க.

---

கடற்கரையான் (நாகப்பட்டினம்), ஞாயிறு காலை 7:15

ராத்திரி முழுக்க ரசிச்சிருக்கீங்க. ஒரு கேள்வி. கொன்ன மிருகத்தோட பல்லைப் பிடுங்கி, அதுலயே அது சாகிற காட்சியை வரையறது உங்களுக்கு உறுத்தலையா? நான் கரை ஒதுங்கின ஓங்கலை (டால்பின்) தண்ணிக்குள்ள தள்ளிவிட ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடினவன். எனக்கு இது கலையா தெரியலை.

---

பழங்கலம், ஞாயிறு காலை 8:30

உறுத்தும். அந்த உறுத்தலைப் பல்லு மேலயே எழுதி வச்சவன் ஒருத்தன் இருக்கான், அவன் கதையைச் சொல்லிடறேன்.

ஃபிரெடரிக் மிரிக். அமெரிக்காவுல நான்டக்கெட் தீவுக்காரன். இருபது வயசு. 'சூசன்'ங்கிற திமிங்கல வேட்டைக் கப்பல்ல போனவன் (விளக்கு எரிக்கிற எண்ணெய்க்காகத்தான் அந்த வேட்டை), 1828 கடைசியிலயும் 1829லயும் முப்பதுக்கு மேல பல்லுல படம் கீறினான். ஒவ்வொண்ணுலயும் கப்பல் படம், கையெழுத்து, தேதி. எல்லாத்தையும் சேர்த்து 'சூசன் பல்லுகள்'னு இன்னைக்குச் சொல்றாங்க. இந்தக் கலையில தன் பேரையும் நாளையும் முதல்ல எழுதினவங்கள்ல அவனும் ஒருத்தன். பல பல்லுல ஒரு ஈரடி வரும்:

"உயிரோடிருப்பவைக்குச் சாவு, கொல்பவர்க்கு நீண்ட ஆயுள்;
மாலுமி மனைவியர்க்கு நலம், வேட்டைக்காரர்க்கு எண்ணெய் வழியும் அதிர்ஷ்டம்."

முதல் வரியைப் படிச்சா நீங்க கோபப்படறது நியாயம்னுதான் எனக்கும் படுது. அவன் எதையும் மறைக்கலை. கப்பல் ஊர் திரும்பினதும் இந்தத் தொழிலையே விட்டுட்டான். அதுக்கப்புறம் அவன் கீறின பல் ஒண்ணுகூட இதுவரைக்கும் கிடைக்கலை.

இன்னொருத்தன் எட்வர்ட் பர்டெட், அவனும் நான்டக்கெட்தான், மிரிக்குக்கும் முன்னாடி ஆரம்பிச்சவன். 1833ல ஈட்டிக் கயிறு உடம்புல சுத்தி, திமிங்கலம் அவனைக் கடலுக்குள்ள இழுத்துட்டுப் போயிடுச்சு. 28 வயசு.

---

கடற்கரையான், ஞாயிறு காலை 8:52

சரி. அந்த இரண்டாவது ஆள் கதை எனக்கு நியாயமா படுது. 😐

---

பனங்கிழங்கு (பாஸ்டன்), ஞாயிறு காலை 9:20

வணக்கம். நான் இருக்கிற இடத்திலயிருந்து நியூ பெட்ஃபோர்டுக்கு ஒரு மணித்தியாலக் கார் ஓட்டம். அங்க இருக்கிற திமிங்கல வேட்டை அருங்காட்சியகத்துக்கு இரண்டு தரம் போனனான். உலகத்திலயே பெரிய ஸ்கிரிம்ஷாச் சேகரிப்பு அங்கதான் எண்டு சொல்லுவினம். மண்டபத்துக்குள்ள 'லகோடா' எண்ட கப்பலை அரைவாசி அளவில கட்டி வைச்சிருக்கினம், ஏறி நடக்கலாம். என்ர மகன் சுக்கானை விட்டு இறங்க மாட்டன் எண்டு அழுதவன்.

நான் சொல்ல வந்தது வேற. எல்லாரும் பல்லைப் பற்றியே கதைக்கிறியள். எனக்கு அங்க பல்லுகள் ஒரு பத்து பார்த்த உடன அலுத்துப் போச்சுது. கப்பல், கப்பல், திரும்பவும் கப்பல். என்னை நிறுத்தினது மற்றக் கண்ணாடிப் பெட்டி. முழுக்க வீட்டுச் சாமான். மா உருட்டுற கட்டை, உடுப்புக் கொழுவுற கிளிப், தேங்காய்ச் சிரட்டையில அகப்பை, அதுக்குப் பிடி திமிங்கல எலும்பு. நூல் சுத்துறதுக்கு ஒரு சாமான் இருக்குது, குடை மாதிரி விரியும், மடங்கும்; நூற்றுக்கு மேல எலும்புச் சிலாகையள், ஒவ்வொரு மூட்டிலயும் சின்ன நாடா முடிச்சு. அதைச் செய்தவன் எத்தனை மாதம் இருந்து செய்திருப்பான் எண்டு நான் அதிலயே நிண்டுட்டன்.

பிறகு ஒரு சக்கரம். கையளவு பிடி, நுனியில வளைஞ்சு வளைஞ்சு விளிம்புள்ள சின்னச் சில்லு. பை எண்ட பலகாரத்தின்ர ஓரத்தை வெட்டி ஒட்டுறதுக்காம். ஒரு பிடி பாம்பு மாதிரி, ஒண்டு குதிரைத்தலை மாதிரி, ஒண்டு மூடின கை மாதிரி. நூற்றுக்கணக்கில இருக்குது.

---

ஊசிமுனை, ஞாயிறு காலை 9:31

அய்யோ, அது சோமாஸ் கரண்டிங்க! தீபாவளிக்கு எங்க வீட்ல எடுக்கறது. பூரிமாவு மடிச்சு ஓரத்துல ஒரு உருட்டு உருட்டுனா நெளிநெளியா வெட்டிட்டு வரும்.

---

வெட்டிப்பேச்சு, ஞாயிறு காலை 9:33

திமிங்கலத்தைக் கொன்னு சோமாஸ் கரண்டி செஞ்சிருக்கானுங்க. நல்லா இருக்கு கதை.

---

பழங்கலம், ஞாயிறு காலை 10:10

பனங்கிழங்கு சொல்றதுதான் இந்த இழையில இதுவரைக்கும் வந்த முக்கியமான விஷயம். ஏலத்துல விலை போறது பல்லுங்கிறதால நாம அதையே ஸ்கிரிம்ஷான்னு நினைச்சுக்கறோம். கப்பல்ல இருந்தவனுக்கு வீட்டுக்குக் கொண்டுபோற சாமான்தான் பெருசு.

ஒரு சந்தேகம் எனக்கு ரொம்ப நாளா இருந்தது. கடல்ல போறவன் எல்லாரும் மாலுமிதானே, சரக்குக் கப்பல்காரன் ஏன் இவ்வளவு செய்யலை? பதில் எளிசு. சரக்குக் கப்பலுக்கு ஆள் கம்மி, அவசரம் அதிகம். வேட்டைக் கப்பல்ல அப்படி இல்லை. திமிங்கலத்தைக் கண்டா நாலஞ்சு படகு ஒரே நேரத்துல இறங்கணும், படகுக்கு ஆறு பேர். அதுக்காக முப்பதுக்கு மேல ஆள் ஏத்திட்டுப் போவாங்க. பயணம் மூணு நாலு வருஷம். வாரக்கணக்குல ஒரு திமிங்கலமும் கண்ணுல படாது. அத்தனை பேருக்கும் அதுவரைக்கும் வேலை ஏது? சும்மா உக்காந்திருக்கிற முப்பது பேர்கிட்ட கத்தி இருந்தா கப்பல் தலைவனுக்கும் நல்லதில்லை. கத்திக்கு ஒரு வேலை இருக்கட்டும்னு விட்டுட்டாங்க.

பல்லும் தாடை எலும்பும் எப்படி அவங்க கைக்கு வந்ததுன்னா, அதுக்குச் சந்தையில விலை இல்லை. எண்ணெய் முதலாளிக்கு. பலீன் தகடும் முதலாளிக்கு, குடைக்கம்பிக்கும் பெண்கள் இடுப்புக் கச்சைக்கும் போகும். மிச்சம்தான் இவங்களுக்கு. சம்பளமும் அப்படித்தான், மாசச் சம்பளம் கிடையாது, லாபத்துல பங்கு. புது ஆளுக்கு இருநூத்துல ஒரு பங்கு மாதிரி. அதுலயும் கப்பல்ல வாங்கின சட்டை, புகையிலைக்குக் கழிச்சுக்குவாங்க. மூணு வருஷம் ஓடிட்டுக் கடனோட இறங்கினவங்க உண்டு.

---

பனங்கிழங்கு, ஞாயிறு காலை 10:44

இன்னொண்டு சொல்ல மறந்திட்டன். இடுப்புக் கச்சை எண்டீங்கள். அதுக்குள்ள முன்பக்கம் நேரா நிக்கிறதுக்கு ஒரு தட்டைப் பட்டி செருகுவினம். ஒரு அடி நீளம், ரெண்டு விரல் அகலம். அதையும் எலும்பில செய்து, இதயம், வீடு, தென்னை மரம், கப்பல் எல்லாம் கீறிக் குடுத்திருக்கினம். மனுசி அதை நெஞ்சோட வைச்சுக் கட்டினால் மேல சட்டை. ஒருத்தரும் பார்க்க ஏலாது. மாதக்கணக்கில கீறினது ஒரே ஒரு ஆள் பார்க்கிறதுக்கு.

---

தேங்காய்ச்சில்லு (புதுச்சேரி), ஞாயிறு மதியம் 1:05

இதே மாதிரி சிப்பி வேலை பத்தியும் சொல்லலாமே. எட்டுப்பட்டைப் பெட்டி, உள்ள சின்னச் சின்னச் சிப்பியா பூவும் இதயமும் ஒட்டி, நடுவுல 'என்னை நினை'ன்னு எழுதியிருக்கும். மாலுமிகள் கப்பல்ல உக்காந்து காதலிக்குச் செஞ்சதாம். மாலுமியின் காதல் பெட்டின்னு பேரு. எவ்வளவு பொறுமை பாருங்க.

---

பழங்கலம், ஞாயிறு மதியம் 1:40

மன்னிக்கணும், அந்தக் கதையை நானும் பல வருஷம் நம்பினேன். ஆடற கப்பல்ல அரிசி அளவு சிப்பியை நிறவாரியா பிரிச்சு ஒட்ட முடியுமான்னு அப்பவே கேட்டிருக்கணும். அந்தப் பெட்டிகள்ல பெரும்பாலானது கரீபியன்ல பார்படோஸ் தீவோட சிப்பி. பழுது பார்க்கப் பிரிச்ச ஒரு பெட்டிக்குள்ள பார்படோஸ் செய்தித்தாள் துண்டு இருந்தது. பிரிட்ஜ்டவுன்ல பெல்கிரேவ்ங்கிறவர் வச்சிருந்த கடையில வித்திருக்காங்க. கிட்டத்தட்ட 1830ல இருந்து 1880 வரைக்கும். செஞ்சது அந்த ஊர்க்காரங்க; மாலுமி காசு கொடுத்து வாங்கிட்டுப் போய் வீட்ல கொடுத்தான்.

வாங்கினதைத் தானே செஞ்சதா சொல்லியும் இருப்பான். அதைக் குத்தமா நான் எடுத்துக்க மாட்டேன்.

---

தேங்காய்ச்சில்லு, ஞாயிறு மதியம் 1:52

கன்னியாகுமரியில சிப்பி மாலை வாங்கிட்டு வந்து "நானே கோர்த்தேன்"னு எங்க மாமா அத்தையை ஏமாத்தின மாதிரி. 😄

---

முத்துநகரான், ஞாயிறு மாலை 6:20

எல்லாரும் எழுதுனதப் படிச்சேன். எடை 340 கிராம், மளிகைக்கடை மின்தராசுல போட்டேன். அடிப்பக்கம் போட்டோ இந்தா. குழி இருக்கு, ஆனா ஆழம் இல்ல, கட்டைவிரல் நுனி போற அளவுதான். உள்ள சொரசொரன்னு இருக்கு. டார்ச் அடிச்சுப் பார்த்தா சின்னச் சின்ன ஓட்டை, குண்டூசித் தலை அளவுல ஏழெட்டு.

பல்லு சொத்தையா இருக்குமோ?

---

பழங்கலம், ஞாயிறு மாலை 6:48

சொத்தை இல்லை. 😔

இன்னும் ஒரே ஒரு சோதனை. ரூபாய் நோட்டு பார்க்கிற ஊதா விளக்கு எந்தக் கடையிலயும் இருக்கும். இருட்டுல அதைப் பல்லு மேல அடிங்க. பக்கத்துல ஒரு மாட்டுக்கொம்பு சீப்போ எலும்புப் பொத்தானோ இருந்தா ஒப்பிட வசதி. நிஜப் பல்லுன்னா நீலம் கலந்த வெள்ளையா பளிச்சுனு ஒளிரும். அச்சுல ஊத்திச் செய்யற ரெசின் பிளாஸ்டிக்குன்னா பெரும்பாலும் மங்கி இருட்டாவே நிக்கும்.

---

முத்துநகரான், ஞாயிறு இரவு 8:05

அடிச்சோம். எலும்புப் பொத்தான் மின்னுது. பல்லு கரிக்கட்டை மாதிரி நிக்கி.

---

பழங்கலம், ஞாயிறு இரவு 8:37

அப்ப சந்தேகம் இல்லை, வார்ப்பு ரெசின். அந்த ஓட்டைகள் ரெசின் இறுகும்போது மாட்டின காத்துக் குமிழி. நிஜப் பல்லுல குழி கூம்பு மாதிரி உள்ள நீளமா போகும், பக்கமெல்லாம் வளையம் வளையமா அடுக்கு தெரியும்; மரத்துக்கு வயசு பார்க்கிற மாதிரி அந்த அடுக்கை எண்ணி விஞ்ஞானிகள் திமிங்கலத்துக்கு வயசு சொல்றாங்க.

உங்க முதல் பதிவைப் படிச்சப்பவே எனக்கு ஒரு நெருடல். கப்பல் பேரு, கேப்டன் பேரு, வருஷம், மூணும் பெரிய எழுத்துல. நிஜமான பல்லுகள்ல பெரும்பாலானதுல பேரே இருக்காது. எவன் செஞ்சான், எந்தக் கப்பல், ஒண்ணும் தெரியாது. வாங்கறவனுக்குத் தேவையான எல்லாத் தகவலும் ஒரே பல்லுல இருந்தா அது வாங்கறவனுக்காகவே செஞ்சது.

இதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு. அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடி ஸ்கிரிம்ஷா சேகரிச்சவர், தன் ஆபீஸ் மேஜையில வச்சிருப்பார். 1963ல அவரை அடக்கம் பண்ணப்ப, ஜனாதிபதி முத்திரை பொறிச்ச ஒரு பல்லை மனைவி சவப்பெட்டிக்குள்ள வச்சாங்க. மில்டன் டெலானோங்கிறவர் செதுக்கினது. அப்புறம் இந்தப் பொருளுக்கு மவுசு ஏறிடுச்சு. ஆனா 1970கள்ல அமெரிக்காவுல கடல் பாலூட்டிகளுக்கான பாதுகாப்புச் சட்டமும் அழிந்துவரும் உயிரினங்கள் சட்டமும் வந்து நிஜப் பல் வியாபாரம் இறுகிடுச்சு. ஆசை இருக்கு, பொருள் இல்லை. அருங்காட்சியகத்துல இருந்த பல்லுகளைப் பார்த்து அச்சு எடுத்து ரெசின்ல ஊத்த ஆரம்பிச்சாங்க. இங்கிலாந்துலயும் நிறைய. சிலர் நினைவுப் பொருள்னு சொல்லியே வித்தாங்க, அதுல தப்பில்லை. கை மாறக் கை மாறத்தான் 'நிஜம்' ஆச்சு. ஸ்டூவர்ட் ஃபிராங்க்ங்கிற அருங்காட்சியகக் காப்பாளர் இந்தப் பிளாஸ்டிக் பல்லுகளுக்குன்னே தனிப் பட்டியல் போட்டார், எந்தக் கப்பல் பேரு, எந்த வருஷம்னு வரிசையா. ஒரே பல் ஆயிரம் வீட்ல இருக்கும், கீறல் உட்பட அச்சு அசலா.

ஒரு விதத்துல நல்லதுதான். சட்டச் சிக்கல் இல்லை, தைரியமா ஷோகேஸ்ல வைங்க. பிரிட்டன்லகூட யானைத் தந்தத்துக்கு இருந்த தடையை 2025 ஜனவரியிலிருந்து ஸ்பெர்ம் திமிங்கலப் பல்லுக்கும் நீட்டிச்சுட்டாங்க. இந்த ஜென்மத்துல நிஜப் பல்லு தலைவலிதான்.

---

வெட்டிப்பேச்சு, ஞாயிறு இரவு 8:41

அந்த லட்ச ரூபா அண்ணாச்சிக்கு யாராவது போன் போடுங்கப்பா.

---

மட்டுறுத்துநர், ஞாயிறு இரவு 8:55

நினைவூட்டல்: வனவிலங்குப் பொருள் விலை, வாங்க விற்க விசாரிப்பு எதுவும் இங்கே கூடாது. தனிமடலில் "எங்கிட்ட ஒரு பல் இருக்கு" என்று முத்துநகரானுக்கு எழுதிய உறுப்பினரின் கணக்கு நிறுத்தப்பட்டது.

---

பனங்கிழங்கு, ஞாயிறு இரவு 9:30

அப்பா ஏமாந்து போனார் எண்டு கவலைப்படாதேங்கோ. ஹல்லும் ஒரு காலத்தில திமிங்கல வேட்டை ஊர்தான், அங்கயும் பெரிய சேகரிப்பு இருக்குது. அவர் அதைப் பார்த்திட்டு வந்து கடையில வாங்கியிருக்கலாம்.

---

கடற்கரையான், ஞாயிறு இரவு 9:48

எனக்கு இதுல ஒரு சந்தோஷம்: அந்தப் பல்லுக்காக எந்தத் திமிங்கலமும் சாகலை. ஒரு சந்தேகமும் கேட்டுக்கறேன். பல்லுக்கு அப்ப எங்கயுமே மதிப்பில்லையா? பசிபிக் தீவுகள்ல பல்லைப் புனிதமா வச்சிருப்பாங்கன்னு எங்கயோ படிச்ச ஞாபகம்.

---

பழங்கலம், ஞாயிறு இரவு 10:25

சரியான ஞாபகம். ஃபிஜியில தபுவான்னு சொல்வாங்க. ஸ்பெர்ம் திமிங்கலப் பல், மெருகேத்தி, ரெண்டு முனையிலயும் துளை போட்டு, தேங்காய் நார்ல பின்னின கயிறு கட்டியிருக்கும். படம் எதுவும் கீற மாட்டாங்க. பொண்ணு கேட்கப் போனா தபுவா, மன்னிப்புக் கேட்கப் போனா தபுவா, சாவு வீட்டுக்கும் தபுவா. கையில ஏந்தி நீட்டினா எதிராளி அதைத் தொட்டு வாங்கறதுலயே பாதி சம்மதம். இன்னைக்கும் நடக்குது. நாட்டை விட்டு வெளிய கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு.

ஒரு காலத்துல அங்க கிடைச்ச பல்லெல்லாம் கரை ஒதுங்கின திமிங்கலத்துது, அதனால அரிது. சந்தனக்கட்டை வாங்க வந்த வெள்ளைக்கார வியாபாரிகள் இதைக் கவனிச்சு, பல்லைக் கொடுத்துச் சந்தனம் ஏத்தினாங்க. அமெரிக்கக் கடற்படைத் தளபதி டேவிட் போர்ட்டர் 1815ல வெளியிட்ட தன் பயணக் குறிப்புல இந்த வியாபார ரகசியத்தைப் போட்டு உடைச்சுட்டார். அப்புறம் ஆளாளுக்குப் பல்லைக் கொண்டுபோய்க் கொட்ட, பண்டமாற்று மதிப்பு சரிஞ்சது. மாலுமி கையில பல் மிஞ்சி, கத்தி எடுத்தது அதுக்கப்புறம்தான்கிறது ஒரு கணிப்பு. தேதி பொருந்துது: படம் கீறின பல்லுகள்ல தெரிஞ்சவரைக்கும் மிகப் பழசு 1817ல பசிபிக்ல காலாபகோஸ் தீவுகள் பக்கம் 'ஆடம்'ங்கிற கப்பல் பிடிச்ச திமிங்கலத்தோடது. நூறு பீப்பாய் எண்ணெய் கொடுத்துச்சுன்னு அதுலயே எழுதி வச்சிருக்கான்.

சூசன் பல்லு ஒண்ணு 1831லயே சேலம் அருங்காட்சியகப் பட்டியல்ல ஏறிடுச்சு. நம்ம சேலம் இல்லை, மாம்பழம் தேடாதீங்க. மசாசூசெட்ஸ் சேலம். ஆனா அந்தச் சேலத்துக் கப்பல்கள் சென்னைப்பட்டினத்துக்கு வந்து போனதுதான்.

---

ஊசிமுனை, ஞாயிறு இரவு 10:40

இப்பவும் யாராவது இதைச் செய்யறாங்களாங்க?

---

பழங்கலம், ஞாயிறு இரவு 10:58

செய்யறாங்க. சைபீரிய மண்ணுல புதைஞ்சு கிடக்கிற மாமூத் தந்தத்துல, மாட்டெலும்புல, தகுவாங்கிற தென்னமெரிக்கப் பனங்கொட்டையில. போர்ச்சுகலோட அசோர்ஸ் தீவுகள்ல 1980கள் வரைக்கும் படகுல போய்க் கை ஈட்டியால வேட்டை ஆடினாங்க, அங்க பழைய இருப்புப் பல்லுல வேலை தெரிஞ்சவங்க கொஞ்சம் பேர் இருந்தாங்க. அமெரிக்காவுல இது எப்பவோ முடிஞ்ச கதை. 1857ல நியூ பெட்ஃபோர்டுல மட்டும் 329 வேட்டைக் கப்பல். ரெண்டே வருஷத்துல பென்சில்வேனியாவுல எண்ணெய்க் கிணறு தோண்டி மண்ணெண்ணெய் வந்தாச்சு. திமிங்கல எண்ணெய் விளக்கை யார் சீந்துவா?

பனங்கொட்டை வாங்கி முயற்சி பண்ணுங்க அக்கா. உங்க கைக்கு வரும்.

---

முத்துநகரான், திங்கள் மாலை 7:30

நேத்து ராத்திரி அம்மாகிட்ட விஷயத்தச் சொன்னேன். பிளாஸ்டிக்குனு தெரிஞ்சா அழுவாவன்னு நெனச்சேன். "உங்கப்பாவுக்கு அது தெரியும்லே. கடைக்காரனே சொல்லித்தான் குடுத்தானாம். உங்ககிட்ட மட்டும் மாலுமி கதை விடுவாரு"ன்னுட்டாவ. நாப்பது வருஷமா ரெண்டு பேரும் சேர்ந்து எங்களப் பார்த்துச் சிரிச்சிருக்காவ.

அப்புறம் இழைய வாசிச்சுக் காமிச்சேன். ஊசிமுனை அக்கா சோமாஸ் கரண்டின்னு எழுதுன இடம் வந்ததும் எந்திரிச்சு அடுக்களைக்குப் போனாவ. எங்க வீட்டு சோமாஸ் கரண்டிய எடுத்துட்டு வந்து என் முன்னால வச்சாவ. நான் சின்ன வயசுல இருந்து பார்க்கிறது. பித்தளை. கடையில வாங்குனதுன்னே நெனச்சிருந்தேன். அப்பா கப்பல்ல, இன்ஜின் ரூம் பட்டறையில, கழிச்சுப்போட்ட பித்தளைக் கம்பியில கடைசல் போட்டு, சில்லு அரத்தால ராவிச் செஞ்சதாம். கல்யாணம் ஆன மறு வருஷம். போட்டோ போடுதேன். பிடியில அம்மா பேரோட முதல் எழுத்து இருக்கு, தேய்ஞ்சு போச்சு, சாய்ச்சுப் பிடிச்சாத்தான் தெரியும்.

---

பனங்கிழங்கு, திங்கள் மாலை 7:41

❤️

---

ஊசிமுனை, திங்கள் மாலை 7:44

சில்லு நெளிவு எல்லாம் ஒரே அளவா இருக்குதுங்களா? போட்டோவுல ஒரு இடம் வேற மாதிரி தெரியுது.

---

முத்துநகரான், திங்கள் மாலை 8:02

எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 23 பல்லு. ஒண்ணு மட்டும் அகலம். அதனாலதான் எங்க வீட்டுச் சோமாஸ்ல எப்பவும் ரெண்டு இடத்துல ஓரம் பெருசா வரும்.